கை நனைக்காதவர்களின் ஹார்மோன்

எங்கள் பக்கத்தில் ஹார்மோன் என்ற சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான்: அந்தப் பெண்ணுக்குப் பிள்ளை பிறக்காது. ஆண்களுக்கு ஹார்மோன் என்று ஒன்று கிடையவே கிடையாது.

எனக்கு இருந்ததோ வெறும் நெஞ்செரிச்சல். சிம்மக்கல்லில் பார்த்த டாக்டர், இரைப்பையில் ஊறி அமிலத்தைச் சுரக்கவைக்கும் ஒரு ஹார்மோனின் அளவைப் பார்க்க ரத்தம் கொடுக்கச் சொன்னார். காரத்தைத் தொடாதே என்றும் சொன்னார். அம்மா அன்றைக்கே சித்தியிடம் போனில், "புள்ளைக்கு ஹார்மோன் டெஸ்டாம்" என்றாள். வயிறு என்ற சொல்லை மட்டும் விட்டுவிட்டாள். எனக்குப் பேசிக்கொண்டிருந்த கொட்டாம்பட்டி மாப்பிள்ளை வீட்டுக்குச் சித்தி வழியாகச் சேதி போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மாப்பிள்ளையும் அவருடைய அம்மாவும் வில்லாபுரத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். அடுப்படியில் கோழிக்குழம்பு மணத்தது. சம்பந்தம் முடிவாகாமல் பெண் வீட்டில் கை நனைக்கக் கூடாது என்பது வழக்கம். அவர்கள் சாப்பிட உட்காரவில்லை, தண்ணீரைக்கூடத் தொடவில்லை.

"கொறை இருந்தா இப்பவே சொல்லிருங்க. எங்களுக்கு ஒத்தப் புள்ள" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நெஞ்செரிச்சலுக்கு எதற்குத் தலைகுனிய வேண்டும்? அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளையின் வயிறு கடமுடவென்று சத்தம் போட்டது.

"அத்தை, இந்தா கேக்குதே, இது ஒங்க மகனோட ஹார்மோன்" என்றேன். "ஒரு எடத்துல ஊறி, ரத்தத்தோட போயி, இன்னொரு எடத்துக்கு வேலை சொல்ற அம்புட்டும் ஹார்மோன்தான். தைராய்டும் அதான். நீங்க சக்கரைக்கு ஊசி போடுறீங்களே, அந்த இன்சுலினும் அதான். வெறும் வயித்த உருட்டுறது ஒண்ணு, பசியக் கெளப்புறது ஒண்ணு, சோறு உள்ள போனதும் பித்தப்பையச் சுருக்குறது இன்னொண்ணு. எனக்குப் பாக்குறது வயித்துல ஊறுறத. ஒங்க ஊசியக் கொறைன்னு நாங்க கேட்டமா?"

மாப்பிள்ளை முதல்முறையாக வாயைத் திறந்தார்.

"அப்ப புள்ள பெறக்குறதுல ஒண்ணும் கொறை இல்லையே?"

"அது எனக்குத் தெரியாது. ஒங்களுக்கு ஒங்களப் பத்தித் தெரியுமா?"

நான் எழுந்து போய்த் தட்டில் சோறு போட்டு, குழம்பை ஊற்றிக்கொண்டு அவர்கள் எதிரிலேயே வந்து உட்கார்ந்தேன்.

"நீங்க கை நனைக்க வேணாம். எனக்கு இந்தச் சம்பந்தம் வேணாம்" என்று சொல்லிவிட்டுப் பிசைந்தேன்.

அவர்கள் செருப்பை மாட்டும் சத்தம் கேட்டது. அம்மா திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் குழம்புச் சட்டியோடு வந்து எனக்கு இன்னொரு கரண்டி ஊற்றினாள். சாயங்காலம் நெஞ்சு எரிந்தது. எரியட்டும் என்று விட்டுவிட்டேன்.