பச்சை இரத்தம்

நான் என் அப்பாவை ஏமாற்றினேன். அதுவும் எனக்காக அவர் விரதம் இருந்த நாட்களில்!

முதல் கரு கலைந்துபோனது. மறுபடி உண்டானபோது மணலூர்பேட்டையில் தாய்வீட்டில் இருந்தேன். படுக்கையை விட்டு எழக்கூடாது என்றுவிட்டார் மருத்துவர். பொழுது போகவேண்டுமே... கைப்பேசியில் துப்பாக்கி விளையாட்டு. கரும்புக்குத் தண்ணீர் பாய்ச்சிவிட்டு வரும் அப்பாவையும் கூட்டாளியாகச் சேர்த்துக்கொண்டேன்.

முதல் குண்டிலேயே திரையில் இரத்தம் பீறிட்டது. அப்பா கைப்பேசியைப் பாயில் வைத்துவிட்டார்.

"இன்னாம்மா இது, கறிக்கடையாட்டம் இருக்குது!"

செட்டிங்ஸுக்குள் போய் இரத்தத்தைப் பச்சையாக்கி, "இது வேற ஆட்டம்பா" என்று கொடுத்தேன். அதன்பிறகு மனிதரைக் கையில் பிடிக்க முடியவில்லை! நான் அடிபட்டு விழுந்தால் போதும், "இரும்மா, அப்பா வந்துக்கினே இருக்கேன்!" என்று ஓடிவந்து அவரும் சுடப்பட்டுச் சாவார். எவ்வளவு சிரித்திருக்கிறோம்!

அப்போதுதான், பிள்ளை நல்லபடி பிறக்கவேண்டுமென்று திரௌபதி அம்மனுக்குத் தீமிதிக்க வேண்டிக்கொண்டு காப்புக் கட்டினார். காப்பு ஏறிவிட்டால் கவிச்சி கூடாது, ஓர் உயிரையும் கொல்லக்கூடாது. கொசுவைக்கூட ஊதித்தான் விரட்டினார்.

"ஏம்மா, காப்பு கட்டிக்கினு ஆள சுடலாமா?"

"இது ஆளே இல்லப்பா, மிஷினு. மனுசன்னா ரத்தம் பச்சையாவா வரும்?"

நம்பினார். நான் சொல்லி எதைத்தான் அவர் நம்பவில்லை!

தீமிதித்த அன்று அவர் பாதம் இரண்டும் கொப்பளித்துவிட்டன. கூட மிதித்தவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. "விரதத்துல இன்னா கொறையோ" என்று ஊர் பேசியது.

பொம்மையைச் சுட்டதற்கா அம்மன் கோபிப்பாள்? நான் அப்படி நம்புகிறவள் அல்ல. ஆனால் அவர் நம்புகிறவராயிற்றே... அது அதே ஆட்கள்தான், நிறத்தை மட்டும் நான் மாற்றினேன் என்ற உண்மையைச் சொல்லியிருந்தால் அன்றே விளையாட்டை விட்டிருப்பார். அது தெரிந்துதான் பொய் சொன்னேன். கூட்டாளி போய்விடுவாரே என்ற சுயநலம்! வேறென்ன?

மகள் சுகமாகப் பிறந்தாள். அப்பாவோ தன் குற்றத்தைத் தேடிக்கொண்டே இருந்தார். கடைசியில் கண்டும் பிடித்தார்: பேக்கரியில் யாரோ வாங்கிக்கொடுத்த பன். "முட்டை போட்டிருப்பான்மா." அந்தக் குறை தீர இந்த ஆண்டு மறுபடி மிதிக்கப் போகிறார். பாதத்தில் ஆறிய தோல் இன்னும் மெல்லியதாகத்தான் இருக்கிறது.

நேற்றுக் காப்புக் கட்டியதும், கள்ளக்குறிச்சியில் இருக்கும் எனக்குப் போன் செய்தார்.

"பேக்கரி பக்கமே போறதில்லம்மா. டீகூட வூட்லதான். வா, ஒரு ஆட்டம் போடலாம். இதுல பாவம் ஒண்ணும் இல்லன்னு நீதான் சொன்னியே."

சொல்லிவிடலாம் என்று வாய்வரை வந்தது... விளையாட்டைத் திறந்தேன். என்னைச் சுட வந்தவனை, எனக்கு முன்னால் ஓடிப்போய் அப்பா சுட்டார்.