ஒரே வில்லில் கொய்யாவும் மல்பெரியும்

நாற்காலிக் கடையில் ஒரு நாற்காலியின் முதுகுச் சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்து வளைத்துக்கொண்டிருக்கிறாள் பிரேம் அக்கா. கடைக்காரர் பதறி ஓடி வருவதற்குள் விட்டுவிடுகிறாள். வாங்குகிற எண்ணமெல்லாம் இல்லை. துடைப்பக் கட்டை, மண்வெட்டிப் பிடி, யாரோ மறந்து விட்டுப்போன கைத்தடி என்று எது சிக்கினாலும் சற்று வளைத்து, அது எப்படித் துள்ளித் திரும்புகிறது என்று பார்த்தாக வேண்டும். “உயிர் இருக்கு” என்பாள். இல்லாவிட்டால் “செத்த கட்டை.” இரண்டுக்கும் நடுவில் வேறு தீர்ப்பு கிடையாது.

பிழைப்பு என்னவோ படங்களுக்கு பிரேம் போடுவது, பேரும் அதில் வந்ததுதான். பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒற்றை அறைக் கடை. கல்யாணப் போட்டோ, பட்டம் வாங்கிய போட்டோ, போன வாரம் போய்ச் சேர்ந்தவரின் போட்டோ எல்லாம் சுவரில் சாய்ந்து முறைக்காகக் காத்திருக்கும். மூலை சேர்ப்பதில் அக்காவின் கை சுத்தம். நகத்தால் தடவினாலும் இணைப்பு தட்டாது. வாய்தான் ஓயாது. உதட்டில் ஆணிகளைக் கவ்விக்கொண்டே பேசுவாள், ஆணி இருப்பதை மறந்து சிரிக்கவும் செய்வாள். அவள் கணவர் கணக்கு வாத்தியார். என்றைக்காவது ஒன்றை விழுங்கத்தான் போகிறாள் என்று சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டார்.

வில் பைத்தியம் தங்கையால் வந்தது. தங்கை பஸ் ஓட்டுகிறவள். லீவு கிடைத்தால் ஊருக்கு வெளியே இருக்கிற வில் மைதானத்துக்குப் போய்விடுவாள். அங்கே மர வில்லுக்கென்று தனிப் போட்டி உண்டு. அதில் பேர் வாங்கியவள் அவள். ஒரு முறை, முழுக்க இழுத்த நிலையில் கையிலிருந்த மர வில் படாரென்று முறிந்து முகவாயைக் கிழித்துவிட்டது. தையல் ஆறியது, பயம் ஆறவில்லை. அதற்கப்புறம் போட்டி நாளில் போய் ஓரமாக நின்று, மற்றவர்களுக்குக் கை தட்டிவிட்டு வருவாள். அந்தக் கைதட்டலை ஒரு தடவை பார்த்த அக்காவுக்குப் பொறுக்கவில்லை. தானே ஒரு வில் செய்து தருவதென்று கிளம்பிவிட்டாள்.

கிளம்பினால் போதுமா, மரம் வேண்டுமே. வில்லுக்குக் கணு இல்லாத நீளக் கட்டை தேவை. அக்காவிடம் இருந்தவையோ இரண்டு அரைக் கட்டைகள். கடைக்குப் பின்னால் காற்றில் சாய்ந்த மல்பெரி மரத்திலிருந்து ஒன்று, மாமியார் வீட்டில் வெட்டிய கொய்யாவிலிருந்து ஒன்று. இரண்டும் பரணில் கிடந்து சுக்காகக் காய்ந்திருந்தன. ஒரு நாள் பல் துலக்கிக்கொண்டிருந்தவள் வாயில் நுரையோடு கூடத்துக்கு ஓடி வந்தாள். மேல் பாதி மல்பெரி, கீழ் பாதி கொய்யா, இரண்டையும் கைப்பிடியில் கோத்து ஒட்டிவிட்டால் என்ன? கணவருக்குப் பாதிதான் புரிந்தது. மீதி நுரையில் போயிற்று.

மைதானப் பொறுப்பாளர் கேட்டதுமே தலையாட்டி மறுத்தார். இரண்டு மரமும் ஒரே மாதிரி வளையாது, ஒன்று சும்மா இருக்க மற்றொன்று மொத்த பாரத்தையும் வாங்கி முறியும் என்றார். நியாயமான பேச்சு என்று அக்காவும் ஒத்துக்கொண்டாள். அங்கேதான் அவளுக்கு ஆசையே பற்றிக்கொண்டது.

ஒரு கட்டையில் மீன்வால் போலப் பிளவு, மற்றதில் அதற்குள் புகும் நாக்கு. பசை போட்டு இறுக்கியாயிற்று. கடைச் சுவரில் முளை அடித்து, வில்லை அதில் தாங்கவைத்து, நாணைக் கப்பிக் கயிற்றால் கீழே இழுத்துப் பார்த்தாள். மல்பெரி உடனே குனிந்தது. கொய்யா விறைத்துக்கொண்டு நின்றது. கொய்யாவை உடைந்த கண்ணாடிச் சில்லால் சுரண்டினாள். அந்தக் கடையில் அதற்கா பஞ்சம்? சுரண்டுவதும் இழுப்பதும் எதிர்ச்சுவர் வரை பின்வாங்கி ஒற்றைக் கண்ணால் பார்ப்பதுமாக நாட்கள் ஓடின. போட்டோ வாங்க வந்தவர்களிடம் கயிற்றைக் கொடுத்து, “கொஞ்சம் புடிங்க, மெதுவா இழுங்க” என்பாள். தாத்தாவின் படத்துக்கு வந்த ஒருவர் படத்தை மறந்து வில்லோடு மல்லுக்கட்டிவிட்டுப் போனார்.

ஒரு மதியம் ‘டிக்’ என்றது. பிடியில் மயிரிழை போல ஒரு கோடு. பசை காய்வதற்குள் அவசரப்பட்டிருக்கிறாள். வில்லை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அன்றைக்குத்தான் அவள் வாய் மூடியிருந்ததை அக்கம்பக்கம் பார்த்தது. சாயங்காலம் வந்த கணவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“சம்பந்தம் முறிஞ்சு போச்சா?”

“ரெண்டு வீட்டுக்காரங்களும் முறைச்சுக்கிட்டாங்க” என்றாள். “மறுபடி பேசி முடிக்கிறேன்.”

அறுத்து, இன்னும் ஆழமாகக் கோத்து ஒட்டினாள். வில் ஒரு சாண் குறைந்தது. தங்கை குள்ளம்தான், சரியாக இருக்கும் என்று தேற்றிக்கொண்டாள். இந்தத் தடவை பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியைக் கணவர் சட்டைப் பையில் போட்டுவிட்டாள். அழுது கேட்டாலும் தரக்கூடாது என்று உத்தரவு. கேட்டாள். அவர் தரவில்லை.

போட்டி நாளன்று தங்கை வழக்கம்போல ஓரத்தில் நின்றாள். அக்கா துணியை அவிழ்த்தாள். மேல் பாதி மஞ்சள், கீழ் பாதி செம்பழுப்பு. தங்கை அதைத் தொடாமல் சுற்றி வந்தாள். பொறுப்பாளரும் வந்து கைகட்டி நின்றார்.

“முதல்ல நீ இழு” என்றாள் தங்கை. “என் கண்ணு முன்னாடி முழுசா இழு.”

அக்கா நாணைத் தன் முகவாய்க்கே இழுத்து நிறுத்தினாள். இரண்டு பாதியும் ஒரே வளைவாய் வளைந்து நின்றன. இழுத்த நாணை விடாமலே பேசவும் செய்தாள்.

“கேட்டுக்கோ. கொய்யாவும் பேசல, மல்பெரியும் பேசல. நான் ஒருத்திதான் பேசிக்கிட்டிருக்கேன்.”

தங்கைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அக்கா நாணை மெல்லத் தளர்த்தி வில்லை நீட்டினாள், அவள் வாங்கிக்கொண்டாள்.

போட்டி வரிசையில் போய் நின்று, முதல் அம்பைக் கண்ணை மூடிக்கொண்டு விட்டாள். அது புல்லில் போயிற்று. அடுத்தது இலக்குப் பலகையின் விளிம்பில். அதற்கப்புறம் கண் மூடவில்லை. தோள் இறங்கியது, மூச்சு நிதானமானது. அம்பு தீரத் தீர, திரும்பிப் பார்க்காமலே கையைப் பின்னால் நீட்டி அடுத்ததைக் கேட்டாள். எடுத்துக் கொடுத்த கணக்கு வாத்தியாருக்கு வியர்த்துக் கொட்டியது. பரிசு வேறு யாருக்கோ போகப் போகிறது என்று புள்ளிக் கணக்கிலேயே தெரிந்துவிட்டது. மூவரில் யாரும் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. கடைசி அம்பு நடு வட்டத்தில் இறங்கி நின்று ஆடியது.

அம்புகளைப் பிடுங்கப் போகலாம் என்று விசில் ஊதினார்கள். அது ஓய்வதற்குள் அக்கா செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு புல்வெளியில் ஓடினாள். அம்பு ஆழமாக இறங்கியிருந்தது, ஆட்டினாலும் வரவில்லை. உதவிக்கு யாரையும் கூப்பிடாமல், ஒரு காலைத் தூக்கிப் பலகையில் ஊன்றிக்கொண்டு, இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள்.