கவர்னரின் காய்ச்சல்

பார்படோஸில் பஸ் ஏறுகிறவர் முன்பின் தெரியாத எல்லோருக்கும் சேர்த்து ஒரு ‘குட் மார்னிங்’ சொல்கிறார்; பஸ் முழுக்கத் திருப்பிச் சொல்கிறது. வந்த புதிதில் கூச்சத்தில் எனக்கு வாயே வரவில்லை. பக்கத்தில் இருந்த பெரியவர், “உங்க ஆட்கள் எந்தத் தோட்டத்துக்கு வந்தவங்க?” என்று கேட்டார். அந்தக் காலத்தில் பக்கத்து நாடான கயானாவுக்குக் கரும்பு வெட்டக் கப்பலேறிய இந்தியர்களின் பேத்தி என்று என்னை நினைத்துவிட்டார். “ஆம்பூர்” என்றேன். அது எந்தத் தோட்டம் என்று வெகுநேரம் யோசித்துக்கொண்டிருந்தார்.

வேலூரில் நர்ஸிங் படித்த என் கணவருக்கு இங்கே ஆஸ்பத்திரி வேலை. எனக்கு ஆவணக் காப்பகத்தில் தற்காலிக வேலை. ஆங்கிலேயர் இந்தத் தீவில் ஆட்சி தொடங்கிய காலத்து ஏடுகளைப் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்ய வேண்டும். கூட வேலை செய்யும் மார்வா இந்த மண்ணில் பிறந்தவள். அடிமையாக இருந்த தன் முன்னோர் ஒருவரின் பெயராவது கிடைக்காதா என்று ஒவ்வொரு பக்கத்தையும் நின்று படிப்பாள். கவர்னருக்குக் காய்ச்சல் வந்தது, விட்டது, மறுபடி வந்தது எல்லாம் விவரமாக இருக்கும். அவளுடைய ஆட்கள் தோட்டத்துச் சொத்துப் பட்டியலில் மாடுகளுக்கும், கரும்புச்சாறு காய்ச்சும் செம்புக் கொப்பரைகளுக்கும் நடுவே வெறும் எண்ணிக்கை. “உனக்கென்ன, உங்க ஊரில் எல்லாம் எழுதி வைத்திருப்பார்கள்” என்றாள் ஒருநாள்.

அப்பா நினைவுக்கு வந்தார். ஆம்பூர் டேனரியில் தோல் ஊறவைக்கும் சுண்ணாம்புக் குழியில் நின்றே தேய்ந்தவர். மூச்சிரைப்பு ஜாஸ்தியானபோது, வைத்தியத்துக்கு உதவி கேட்க அவரோடு நானும் போனேன். மேனேஜர் எங்களை உட்காரச் சொல்லவில்லை.

“இந்தப் பேர்ல யாரும் இங்க வேலை செய்யலியே.”

அப்பா கையை நீட்டிக் காட்டினார். சுண்ணாம்பு தின்ற விரல்கள்.

“கான்ட்ராக்டர் ஆளா இருக்கும். அவர போய்க் கேளுங்க.”

கான்ட்ராக்டர் செத்துப் போயிருந்தார். ஷேர் ஆட்டோவை விட்டு இறங்கும்போது அப்பா கேட்டார். “அப்போ இத்தினி வருஷம் நான் எங்கேம்மா போய்னு இருந்தேன்?”

இதை என் அரைகுறை ஆங்கிலத்தில் மார்வாவிடம் சொன்னேன். ஏதோ பென்ஷன் தகராறு என்று எடுத்துக்கொண்டு, நல்ல வக்கீலாகப் பார்க்கச் சொன்னாள். சரி என்றேன்.

போன மாதம் கடைசி ஏடும் முடிந்தது. மார்வா தேடிய பெயர் எதிலும் இல்லை. மேஜையைத் துடைத்துவிட்டு, யாரிடமும் சொல்லாமல் போய்விட்டாள். அன்று மதியம் அப்பாவைப் போனில் கூப்பிட்டேன். ஒவ்வொரு சொல்லுக்கும் அவருக்கு மூச்சு வாங்கியது.

“அங்க ஆபீஸ்ல உன் பேர எழுதி வச்சிருக்காங்களா?”

“வச்சிருக்காங்கப்பா.”

“அது போதும்” என்றார்.

ஆம்பூர் ரேஷன் கார்டிலிருந்து கல்யாணத்தின்போதே என் பெயரை எடுத்தாயிற்று. இங்கே கழுத்தில் தொங்கிய அட்டையில் ‘விசிட்டர்’ என்று மட்டும் இருந்தது. வேலை முடிந்துவிட்டதால், வாசலில் காவலாளி அதையும் கேட்டு வாங்கிக்கொண்டார்.