விடுங்க என்றதும் விட்டவர்

அவர் பார்சல் வண்டி ஓட்டுகிறவர். ஆள் ஆறடி, மனசு மட்டும் வெண்ணெய். மகளுக்குத் தடுப்பூசி போடப் போன இடத்தில் ஊசியைப் பார்த்துவிட்டு மயங்கி விழுந்தார். நர்ஸுகள் குழந்தையை விட்டுவிட்டு அவர் முகத்தில் தண்ணீர் தெளித்தார்கள். மகள் கல்யாணமாகி வெளியூர் போன பிறகும் வீட்டில் அந்தக் கதை ஓயவில்லை.

மனைவிக்குச் சலவைக்கூடத்தில் இஸ்திரி போடும் வேலை. ஓட்டல் படுக்கை விரிப்புகள் மலைமலையாக வந்து குவியும். நின்றபடியே தேய்க்க வேண்டும். வருஷக்கணக்கில் நின்றதில் இடது முட்டி தேய்ந்து, கால் வில்லாக வளைந்துவிட்டது. படி ஏறினால் சருகை மிதிப்பதுபோல உள்ளே நொறநொறவென்று சத்தம் கேட்கும். தைலம், ஒத்தடம், மாத்திரை, முட்டிக்குள்ளேயே ஊசி என்று எல்லாம் பார்த்தாயிற்று. ஒருநாள் கழிப்பறையில் உட்கார்ந்தவளால் எழுந்திருக்க முடியவில்லை. அவர்தான் கதவைத் தள்ளிக்கொண்டு போய்த் தூக்கி நிறுத்தினார். சுவரைப் பிடித்துக்கொண்டே, “முட்டியை மாத்திடலாங்க,” என்றாள்.

டாக்டர் ஸ்கேன் எடுத்து, அவள் முட்டியைக் கம்ப்யூட்டர் திரையில் அப்படியே திருப்பித் திருப்பிக் காட்டினார். ரோபோ மெஷின் துணையோடு செயற்கை முட்டி பொருத்திவிடலாம் என்றார்.

“ரோபோவே வெட்டிடுமா சார்?” என்று அவர் கேட்டார்.

“அதுவா எதையும் வெட்டாது. கை என்னோடதுதான். எவ்வளவு எலும்பு எடுக்கணும்னு முன்னாடியே கணக்குப் போட்டு வச்சிடுவோம். என் கை அதைத் தாண்டப் பார்த்தா மெஷின் நிறுத்திடும்.”

“நடுவுல கரண்ட் போயிட்டா?”

டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “ஜெனரேட்டர் இருக்கு. மெஷினே மக்கர் பண்ணினாலும், அது வர்றதுக்கு முன்னாடி பண்ணின மாதிரி கையாலயே பண்ணிடுவேன்.”

“சார், எனக்கு மயக்க மருந்து கொடுக்கும்போது இவருக்கும் கொஞ்சம் கொடுத்துடுங்க,” என்றாள் மனைவி.

டாக்டர் சிரிப்பை நிறுத்திக்கொண்டு சொன்னார்: “ஒண்ணு ஞாபகம் வச்சுக்குங்க. நான் எவ்வளவு கச்சிதமா வச்சாலும், வீட்ல மடக்கிப் பழகலைன்னா முட்டி இறுகிடும்.”

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அன்று சாயங்காலமே வாக்கரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வில்லாக இருந்த கால் எக்ஸ்ரேயில் அளவுகோல் வைத்துக் கோடு போட்டதுபோல இருந்தது. அவர் அதை ஃபோனில் படம் பிடித்து, பார்சல் ஆபீஸில் பார்த்தவர்களுக்கெல்லாம் காட்டினார்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் வினை ஆரம்பித்தது. உடற்பயிற்சி சொல்லித்தர ஒல்லியான ஒரு பெண் வந்தாள். நாற்காலியில் உட்கார வைத்து, கணுக்காலைப் பிடித்து, மெதுவாகப் பின்னால் தள்ளி, அப்படியே நிறுத்திப் பிடிக்க வேண்டும். பிறகு இன்னும் கொஞ்சம். “நான் வராத நாள்ல நீங்கதான் செய்யணும் சார். அழுவாங்க. பார்த்து, மெதுவா, ஆனா விட்டுடாதீங்க.”

மறுநாள் அவர் முக்காலியில் உட்கார்ந்து கணுக்காலைப் பிடித்தார். முட்டி பூசணிக்காயாக வீங்கி, தொட்டால் சுட்டது. லேசாகத் தள்ளியதும், “ஐயோ, விடுங்க! உயிர் போகுது, விடுங்க!” என்று அலறினாள். கை தானாக விட்டுவிட்டது.

“நாளைக்குப் பார்த்துக்கலாம்மா,” என்றார். அவளும் கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினாள்.

ஐஸ் வைத்தார், தலை வாரிவிட்டார், சமைத்தார், துணி துவைத்தார். அந்த ஒன்றைத் தவிர எல்லாம் செய்தார். பயிற்சிப் பெண் கேட்கும்போதெல்லாம் இருவரும் ஒரே குரலில், “செய்றோம், செய்றோம்,” என்றார்கள். முட்டி மடங்கும் கோணத்தை அவள் அளந்துவிட்டு, “போன தடவையை விடக் குறைஞ்சிருக்கே?” என்றாள்.

இரண்டாம் மாதத்துக்குள் முட்டி பாதிக்கு மேல் மடங்க மறுத்துவிட்டது. பஸ்ஸில் உட்கார்ந்தால் கால் வழியில் நீட்டிக்கொண்டு நின்றது. உள்ளே தழும்பு கட்டிவிட்டதாம். மயக்கம் கொடுத்து மடக்கிவிட வேண்டும் என்றார் டாக்டர். யாரையும் குறை சொல்லவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவருக்கு. மடக்கிவிட்ட அன்று ஆபரேஷன் அறையின் மூடிய கதவுக்கு வெளியே கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

வீடு திரும்பியதும் மறுபடி முக்காலி, மறுபடி கணுக்கால். அவர் பிடித்தாரே தவிர, தள்ளவில்லை. அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“உங்களால முடியாதுங்க. அக்காவைக் கூப்பிடுங்க.” குரலில் கோபம் இல்லை.

அவளுடைய அக்கா மாணவிகள் விடுதியில் வார்டன். பையை இறக்கி வைத்ததுமே, “பாவம் பார்த்தா பழின்னு சும்மாவா சொன்னாங்க? தம்பி, நீங்க கொஞ்சம் வெளியில போங்க,” என்றாள்.

“பார்த்துச் செய்ங்கக்கா...”

“எல்லாம் அந்தப் பொண்ணுகிட்ட கேட்டுக்கிட்டுதான் வந்திருக்கேன். போங்க.”

இறங்கிப் போய் வண்டியில் உட்கார்ந்தார். கண்ணாடியை ஏற்றியும் சத்தம் கேட்டது.

“அக்கா, விடுக்கா!”

“விட மாட்டேன்டி. நல்லா கத்து.”

ரேடியோவைப் போட்டார். அவள் அழும்போது பாட்டுக் கேட்பதா என்று உடனே அணைத்தார். மாடிப்படி வரைக்கும் போய்த் திரும்பி வந்தார். அக்கா தங்கியிருந்த நாளெல்லாம் இதே பாடுதான்.

இப்போது முட்டி படி ஏறும் அளவுக்கு மடங்குகிறது. அதற்கு மேல் வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சலவைக்கூடத்தில் உயரமான ஸ்டூலில் உட்கார்ந்து துணி மடிக்கும் வேலை கொடுத்திருக்கிறார்கள். இதற்குள் வலது முட்டியிலும் சத்தம் கேட்க ஆரம்பித்துவிட்டது.

“இதையும் மாத்திடலாம்னு இருக்கேன். எப்ப வர முடியும்னு அக்காகிட்ட கேட்கணும்,” என்றாள் ஒருநாள்.

அவர் தலையாட்டினார். “அப்ப நான் என்ன செய்யட்டும்?” என்று கேட்டார்.

அவள் யோசித்துப் பார்த்தாள். “தெரியலைங்க,” என்றாள்.