ஜிப்பு அக்காவும் முதுகு திருப்பிய பறவைகளும்

ஜிப்பு அக்கா புருஷனை வீட்டைவிட்டுத் துரத்திவிட்டாள் என்று தெரு முழுக்கப் பேச்சு. கிளப்பிவிட்டது முனையில் இஸ்திரி போடுகிறவர். கண்ணால் பார்த்ததாகச் சத்தியம் பண்ணினார். பஸ் கண்டக்டரான அந்தப் புருஷன் பட்டப்பகலில் பால்கனியில் தலையணையைப் போட்டுப் படுத்திருக்கிறானாம். உள்ளே அவள் காகிதத்தைத் தைப்பதும் கிழிப்பதுமாக இருக்கிறாளாம். போதாக்குறைக்கு ஜன்னலில் இரண்டு பறவைகளை முதுகோடு முதுகாகத் தொங்கவிட்டிருக்கிறாளாம். கீழ்வீட்டு டீச்சர் தன் பங்குக்கு அது கோர்ட்டுக் காகிதம் என்றார். குப்பைக்கூடையில் தையல் ஓட்டையோடு ஒரு துண்டைப் பார்த்தாராம். அடுத்த வீட்டுக் குப்பைக்கூடைக்குள் டீச்சருக்கு என்ன வேலை என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

காகிதம் உண்மை, கிழித்தது உண்மை, பால்கனியும் பறவைகளும் உண்மை. மற்றதெல்லாம் அவரவர் கைச்சரக்கு. உள்ளது உள்ளபடி இதுதான்.

அக்காவுக்கு ஆல்டரேஷன் கடையின் பின்னறையில் வேலை. பேண்ட் இடுப்பைப் பிடிப்பது, விடுவது, போன ஜிப்பை மாற்றுவது. பேர் வந்தது அப்படித்தான். ஜிப்பு இல்லாதது அவள் வாய்க்கு மட்டும். ஓர் இடத்தில் இருப்புக் கொள்ளாத ஜென்மம். சாப்பிட உட்கார்ந்தாலும் வலது கால் தரையில் மெஷின் மிதிக்கும். பஸ்ஸில் முன்னால் நிற்பவரின் சட்டையில் தையல் விட்டிருந்தால், இறங்கும்வரை கை துறுதுறுக்கும். ஜன்னல் இல்லாத அந்த அறையில், ஊரார் தொப்பை ஏறுவதற்கும் இறங்குவதற்கும் பிரித்துத் தைத்தே காலம் ஓடுகிறதே, தன் கையால் முழுசாக ஒன்று செய்யவில்லையே என்பது அவளை உள்ளுக்குள் அரித்துக்கொண்டிருந்தது.

அடுத்த தெருவில் ஒரு குவில்ட் பட்டறை. துண்டுத் துணிகளைக் கட்டம் கட்டமாகச் சேர்த்து மெத்தென்ற போர்வையாக்குகிற இடம். அங்கே ஜன்னலோரத்து மேஜை ஒன்று காலியாயிற்று. அக்கா மூச்சிரைக்கப் போய் நின்றாள். மேற்பார்வை பார்க்கிறவள் வயதில் சின்னவள், பேச்சில் கறார். பறவை அச்சடித்த காகிதங்களோடு சிவப்பிலும் நீலத்திலும் அளவாகத் துணி வெட்டிக் கொடுத்து, ஒரே ஒரு கட்டம் தைத்துவரச் சொன்னாள். இரண்டு பறவைகள், மூக்கோடு மூக்கு. இடது பக்கம் சிவப்பு, வலது பக்கம் நீலம். சனிக்கிழமை அது சரியாக வந்தால் மேஜை அக்காவுக்கு. இல்லாவிட்டால் அடுத்த ஆள் தயார்.

"பேப்பர் பீசிங் தெரியுமில்லக்கா?"

தெரியும் என்று அக்கா தலையை ஆட்டினாள். உண்மையில் தெரியாது.

வீட்டுக்கு வந்து போனில் வீடியோவைப் போட்டாள். சொல்லிக்கொடுத்த அம்மாள் மாசமாக இருக்கிறவள் படியேறுவது போல நிதானமாகப் பேசினாள். அக்காவுக்குப் பொறுக்கவில்லை, ஓட்டி ஓட்டிப் பார்த்தாள். காகிதத்தில் பறவை அச்சாகியிருக்கும், ஒவ்வொரு துண்டுக்கும் எண் இருக்கும். துணியைக் காகிதத்தின் முதுகில் வைத்து, முன்பக்கத்துக் கோட்டின் மேலேயே பொடித் தையல் போட வேண்டும். துணியைப் புரட்டி, தேய்த்துவிட்டு, அடுத்த எண். எல்லாம் முடிந்ததும் காகிதத்தைக் கிழித்துவிட வேண்டும். இவ்வளவும் பிடிபட்டது. துணிப்பக்கம் திருப்பினால் படம் கண்ணாடியில் தெரிவது போல இடம் வலம் மாறியிருக்கும் என்று அந்த அம்மாள் சொன்னது ஓட்டிய இடத்தில் போய்விட்டது.

கடைக்கு லீவு சொல்லிவிட்டுப் பழந்துணியில் பழகினாள். புரட்டினால் துணி எட்டாமல் இறக்கை ஓரம் அம்மணமாக நிற்கும். கிழி, மறுபடி தை. தைப்பதற்கு முன் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால், துணி கோட்டைத் தாண்டுகிறதா என்று தெரியும். நாளெல்லாம் ஜன்னலுக்கும் மெஷினுக்குமாக நடந்தாள். மெத்தை முழுக்கக் குண்டூசி. காலை வண்டி ஓட்டம் முடிந்து தூங்க வந்த கண்டக்டர் ஓர் ஊசியின் மேல் உட்கார்ந்து எழுந்தார். உன் பறவை கொத்துகிறது என்று சொல்லிவிட்டுத் தலையணையோடு பால்கனிக்குப் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் இரண்டு பறவைகளும் முடிந்தன. காகித மூலையில் இடது, வலது என்று எழுதி வைத்திருந்தாள். தையற்காரி பழக்கம்: நல்ல பக்கத்தை மேலே வைத்து, இடது என்பதை இடக்கையிலும் வலது என்பதை வலக்கையிலும் எடுத்துச் சேர்த்தாள். எழுத்தைப் பார்த்தாளே தவிர பறவையைப் பார்க்கவில்லை. நடுத்தையல் ஓட்டி, காகிதத்தைக் கிழித்து உதறி, ஜன்னலில் குத்தித் தள்ளி நின்று பார்த்தாள். சிவப்பு ஒரு பக்கம் போகிறது, நீலம் மறுபக்கம் போகிறது. வால் இரண்டும் இடித்துக்கொண்டு நிற்கின்றன.

கொடுத்த துணியில் மிச்சம் கைக்குட்டை அளவுகூட இல்லை. கதவுக்கும் அடுப்புக்கும் நடந்தாள். கத்தரிக்கோலை எடுத்தாள், வைத்தாள், மறுபடி எடுத்தாள். தண்ணீர் குடிக்க உள்ளே வந்த கண்டக்டர் ஜன்னலைப் பார்த்தார்.

"ரெண்டுக்கும் என்ன சண்டை?"

"சும்மா இருங்க. நாளைக்கு எதக் கொண்டுபோய்க் காட்டுவேன், என் மூஞ்சியையா?"

"எடத்த மாத்தி உக்கார வை. பஸ்ல தெனமும் நான் வேற என்ன பண்றேன்?"

சொல்லிவிட்டு அவர் திரும்பப் படுக்கப் போய்விட்டார். மிதித்துக்கொண்டே இருந்த அந்தக் கால் அப்போதுதான் நின்றது. பிரிக்க வேண்டியது ஒரே ஒரு தையல். பிரிப்பது அவளுக்கு மூச்சு விடுகிற மாதிரி. மாற்றி வைத்து ஓட்டினாள். மூக்கும் மூக்கும் ஒட்டிக்கொண்டன.

சனிக்கிழமை பட்டறையில் மேற்பார்வைக்காரி மூக்கு நுனிகளை விரலால் தடவினாள். புரட்டி, நடுத்தையலோரம் பழைய ஊசி ஓட்டைகளைப் பார்த்தாள்.

"செவப்பு எடது பக்கம்ல வரணும்?"

அக்காவின் கால் மறுபடி ஆடத் தொடங்கியது. "திரும்பி வரும்னு தெரியாதும்மா. தெரியும்னு தலையாட்டினதும் பொய்தான்."

மேற்பார்வைக்காரி துணியை இரண்டு பக்கமும் இழுத்துப் பார்த்தாள். சுருக்கம் விழவில்லை.

"திங்கட்கெழம வாங்க. வர்றதுக்கு முன்னாடி அந்த வீடியோவ முழுசா பாத்துட்டு வாங்க."

வீடு திரும்பும்போது இஸ்திரிக்காரர் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, கண்டக்டரை உள்ளே சேர்த்துக்கொண்டாயா என்று துக்க வீட்டுக் குரலில் விசாரித்தார். டீச்சர் துணி வாங்க வந்தவர் போல நின்றுகொண்டிருந்தார்.

"நான் யாரையும் தொரத்தலண்ணே. மெத்தையில ஊசி கெடந்துச்சு, அவர் வெளிய படுத்தாரு. டீச்சர், அது கோர்ட்டுப் பேப்பர் இல்ல, பறவைப் படம். அதுங்க சண்டையும் போடல. நான்தான் தப்பாத் தச்சேன்."