மீட்டரை முதலாளி கையில் கொடுத்தவர்

தாராவி தொண்ணூறடி ரோட்டில் சுடலைக்கண்ணனின் கார் எலெக்ட்ரிக் கடைக்கும் என்னுடைய சீட் கவர் கடைக்கும் நடுவில் ஒரு தகரம்தான். இருபத்திரண்டு வருடமாக அந்தப் பக்கம் அவர் பேசுவதெல்லாம் இந்தப் பக்கம் என் காதில் விழுகிறது. ஆட்களோடு நெல்லைத் தமிழ் பேசுவார். வண்டிகளோடு மட்டும் ஹிந்தி. பானெட்டைத் தூக்கி, “ஏ ராணி, காய்கோ நக்ரா?”, ஏன் இந்தப் பிகு, என்று கொஞ்ச ஆரம்பித்தால், ஏதோ ஒரு காருக்கு எலெக்ட்ரிக் கோளாறு என்று எனக்குத் தெரிந்துவிடும்.

அந்தக் கடையில் சொல்லக்கூடாத வார்த்தை ஒன்று உண்டு. ‘பேட்டரி போச்சு.’ வண்டியைத் தள்ளிக்கொண்டு வருகிறவன் அப்படிச் சொல்லிவிட்டால் மனுஷனுக்குச் சுள்ளென்று ஏறும். “போச்சுன்னா எங்க போச்சு? ஊருக்கா? நீரு டிக்கெட் எடுத்துக் குடுத்தீரோ?” என்பார்.

காரணம் இருக்கிறது. நாங்குநேரிப் பக்கத்திலிருந்து பத்தொன்பது வயதில் வந்து, வடாலாவில் லாரிகளுக்கு வயர் இழுத்துக்கொண்டிருந்த காலத்தில், ஒரு டாக்ஸிக்காரருக்கு மூன்று மாதத்தில் மூன்று பேட்டரி மாற்ற வைத்துவிட்டாராம். கடைசியில் பார்த்தால் கோளாறு ஒரு துருப்பிடித்த போல்ட்டில். “அந்த ஆளு நாலு திட்டு திட்டியிருந்தா மறந்திருப்பேன் வே. சிரிச்சிட்டுப் போயிட்டாரு. அதான் இன்னும் குத்துது,” என்று என்னிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார்.

அன்றிலிருந்து வோல்ட் மீட்டர் சொல்லாமல் அவர் வாய் திறப்பதில்லை. அதோடு ஒரு கிறுக்கும் சேர்ந்துகொண்டது. மீட்டர் வயர்களின் நுனியிலிருக்கும் முள்ளை வைப்பது அவர். மீட்டரைப் பிடித்து எண்ணை வாய்விட்டுப் படிக்க வேண்டியது வண்டிக்காரர். “நான் படிச்சா நான் சொன்னதா இருக்கும். அவரே படிச்சா யாருட்ட சண்டைக்குப் போவாரு?”

போன ஆயுத பூஜை முடிந்து இரண்டு வாரமிருக்கும். மாட்டுங்காவில் பாத்திரக்கடை வைத்திருக்கும் பெரியநாயகம் அண்ணாச்சியின் வெள்ளைக் காரை ஒரு டெம்போ கயிறு கட்டி இழுத்து வந்தது. ஸ்டியரிங்கில் அண்ணாச்சி. பின்னால் அவருடைய டிரைவர் வானமாமலை நடந்து வந்தார். பதினோரு வருடம் அந்தக் குடும்பத்துக்கு வண்டி ஓட்டியவர் இப்படி நடந்து வருகிறாரே என்று எனக்கு என்னவோ போலாகிவிட்டது.

விஷயம் இதுதான். பூஜை முடிந்த வாரமே கார் கிளம்ப மறுத்தது. ஏதோ ஒரு கராஜில் புது பேட்டரி போட்டார்கள். நாலு நாள் ஓடியது. மறுபடியும் சாவியைத் திருகினால் வெறும் ‘டிக்.’ அந்தக் கராஜ்காரன், இது நான் கொடுத்த பேட்டரி மாதிரியே இல்லையே, யாரோ மாற்றியிருக்கிறார்கள் என்று சொல்லிக் கையைக் கழுவிவிட்டான். அண்ணாச்சிக்கு வேறு யார் அகப்படுவார்கள்? புதுசை விற்றுவிட்டுப் பழசை மாட்டிவிட்டாய் என்று வானமாமலையிடமிருந்து சாவியைப் பிடுங்கியாயிற்று. அவர் மனைவி முப்பிடாதியம்மாளுக்கே போன் போட்டு, உன் புருஷன் திருடன் என்றும் சொல்லியாயிற்று.

“சுடலை அண்ணன் ஒரு தடவை பாக்கட்டும் மொதலாளி. அவரும் நான்தான்னு சொல்லிட்டா நானே ஸ்டேஷனுக்கு வாரேன்,” என்று வானமாமலை கெஞ்சியதால்தான் வண்டி இங்கே வந்திருக்கிறது. இதைக் கேட்டதும் எனக்கு வந்த கோபத்தில் ரெக்ஸின் வெட்டுவதையே நிறுத்திவிட்டு அங்கே போய் நின்றுகொண்டேன்.

“பேட்டரி போச்சு சுடலை. இவன் மாத்திட்டான்,” என்று அண்ணாச்சி ஆரம்பித்தார்.

சுடலைக்கண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு மீட்டரை அவர் கையில் திணித்தார். வானமாமலையை உள்ளே உட்கார வைத்து, சாவியைக் கொடுக்கச் சொன்னார். பேட்டரியின் இரண்டு முனையிலும் முள் வைத்தார்.

“படிங்க அண்ணாச்சி.”

“பன்னெண்டு புள்ளி ஆறு.”

“ஏ வானமாமல, செல்ப் அடி. இப்ப எவ்வளவு?”

“பன்னெண்டு புள்ளி ஒண்ணு.”

“செத்த பேட்டரின்னா இந்நேரம் எட்டு, ஒம்பதுன்னு மயங்கி விழுந்திருக்கும். இது புது மாப்பிள்ள கணக்கா நிக்கு! பேட்டரி பழசில்ல அண்ணாச்சி.”

அண்ணாச்சியின் முகம் மாறியது. “பெறவு ஏன் கிளம்பல?”

“தொட்டி நெறைய தண்ணி இருக்கு, குழாய்ல எங்கயோ அடைப்பு. லைட்டுக்கு ஒரு டம்ளர் போதும், அதான் எரியுது. செல்ப் மோட்டாருக்குக் குடம் குடமா வேணும். அடைப்பு எங்கயோ, வோல்ட்டு அங்க தங்கிரும். தேடுவோம்.”

பேட்டரியின் பிளஸ்ஸில் ஒரு முள், செல்ப் மோட்டாரில் ஒரு முள். வானமாமலை சாவியைத் திருக, அண்ணாச்சி படித்தார்: “புள்ளி ஒண்ணு.” அந்தப் பாதை சுத்தம். அடுத்து மைனஸில் ஒரு முள், இன்ஜினில் ஒரு முள்.

“ஏழு! யப்பா, ஏழுக்கு மேல போகுது!”

“அரை வோல்ட்டுகூட இருக்கப்படாது அண்ணாச்சி. திருடன் இந்தப் பக்கம்தான் இருக்கான்.”

மைனஸிலிருந்து கிளம்பும் எர்த் வயர் காரின் பாடியில் ஒரு போல்ட்டில் முடிகிறது. அந்த வயர் முழுக்க ஒரு குறையும் இல்லை. கடைசியாக வயரின் நுனியில் ஒரு முள் வைத்து, பக்கத்து இரும்பைச் சுரண்டி அதில் ஒரு முள் வைத்தார்.

“ஏழு,” என்றார் அண்ணாச்சி. இந்தத் தடவை குரலே எழும்பவில்லை.

போல்ட்டைக் கழற்றி வயரைத் தூக்கினால், அடியில் பளபளவென்று வெள்ளிப் பெயிண்ட். இரும்பு கண்ணிலேயே படவில்லை. பார்த்ததும் சுடலைக்கண்ணனுக்கு வந்ததே ஆத்திரம்!

“எந்த மூதேவி இங்க பெயிண்ட் அடிச்சது? எர்த்து இரும்பத் தொடணும். பெயிண்ட்டத் தொட்டா கரண்ட்டு எப்படிப் போவும், பறந்தா? போல்ட்டு மரைய மட்டும் புடிச்சுக்கிட்டு இத்தன நாள் ஓடினதே பெரிசு! கண்ணு என்ன பொடதியிலயா இருந்துச்சு?” இரண்டு நிமிடம் நிறுத்தவே இல்லை. பிறகு வானமாமலை பக்கம் திரும்பினார். “ஏல, நீதானா?”

வானமாமலை ஸ்டியரிங்கைப் பார்த்துக் குனிந்துகொண்டார்.

அண்ணாச்சி நெற்றியைத் துடைத்துக்கொண்டார். தப்பித்துக்கொள்ள நல்ல வழி திறந்து கிடந்தது. முட்டாள் பட்டத்தை டிரைவர் தலையில் கட்டிவிட்டு வண்டியோடு போயிருக்கலாம். போய்விடுவார் என்றுதான் நானும் நினைத்தேன். அவர் மீட்டர் பிடித்திருந்த கையை, வகுப்பில் மாட்டிக்கொண்ட பையன்போல மெல்லத் தூக்கினார்.

“நாந்தான் சுடலை.”

ஆயுத பூஜை அன்று அந்த வண்டியை வேறு யாரும் தொடக்கூடாதாம். அவரே கழுவி, துருப்பிடித்த இடத்துக்கெல்லாம் அவரே பெயிண்ட் அடித்து, சந்தனம் குங்குமம் வைப்பாராம். இந்த வருடம் பக்தி கொஞ்சம் கூடிப்போய் அந்த போல்ட்டையும் கழற்றியிருக்கிறார். பெயிண்ட் டப்பாவைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றது வானமாமலை.

“நீ பாத்துக்கிட்டுத்தான இருந்த? இப்பவாச்சும் சொல்லியிருக்கலாம்லா?” என்று அவரிடம் கேட்டார் அண்ணாச்சி.

“நான் சொன்னா அது திருடன் பேச்சு மொதலாளி. உங்க வாயால வரணும்.”

அண்ணாச்சிக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான், சொல்வதற்கு என்ன வெட்கம்!

சுடலைக்கண்ணன் உப்புத்தாளால் பெயிண்ட்டைத் தேய்த்தெடுத்து போல்ட்டை முடுக்கினார். ஒரே திருகில் வண்டி உறுமியது. “சாபாஷ் ராணி!” என்று பானெட்டில் தட்டினார். வானமாமலை இன்ஜினை அணைத்து, இறங்கி வந்து, சாவியை முதலாளியிடமே நீட்டினார்.

“வண்டி சரியாயிட்டு. என் வீட்டுல நீங்க சொன்னது அப்படியே கெடக்கு மொதலாளி.”

அண்ணாச்சி அங்கேயே போனை எடுத்து, எங்கள் எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டார். “முப்பிடாதி, தப்பு என்மேலதாம்மா. உன் புருஷன் எதையும் எடுக்கல.”

அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு. “அது எனக்குத் தெரியாதாக்கும்! டிவி ரிமோட்டுக்கு பேட்டரி மாத்தணும்னாலே நான்தான் வரணும். பிளஸ் எது மைனஸ் எதுன்னு தெரியாத மனுஷன், கார் பேட்டரியக் கழட்டி வித்துட்டாராம்!”

நாங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். வானமாமலை கூச்சத்தில் தலையைச் சொறிந்தார். சிரித்துக்கொண்டே இருந்த அந்த அம்மாளின் குரல் சட்டென்று உடைந்தது.

“மூணு நாளாச்சு மொதலாளி, சோறு வச்சா தட்டையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்காரு. மொதல்ல அவர எதையாச்சும் திங்கச் சொல்லுங்க.”

சுடலைக்கண்ணன் தன் டிபன் டப்பாவைக் கொண்டுவந்து திறந்து வைத்தார். பத்து இட்லி இருந்தது. வானமாமலை எட்டைத் தின்றார். பக்கத்தில் நின்று சட்னி ஊற்றியது பெரியநாயகம் அண்ணாச்சி.