அண்ணன் வீட்டு வைஃபை

ராயப்பன்பட்டியில் அமல்ராஜைப் பற்றி விசாரித்தால் முதலில் அவருடைய திராட்சையைப் பற்றிச் சொல்வார்கள், அடுத்து அவருடைய வாயைப் பற்றிச் சொல்வார்கள். திராட்சை நல்ல இனிப்பு. வாயைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். மருந்துக் கடைக்காரர், கரண்டு ஆபீஸ்காரர், கோயில் கமிட்டி என்று ஒருவரையும் அவர் விட்டுவைத்ததில்லை. ஆனால் பிறரைத் திட்டிவிட்டு வீட்டுக்கு வந்தால் மனிதருக்குச் சோறு இறங்காது. தட்டை முன்னால் வைத்துக்கொண்டு, "நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதோ?" என்று மனைவி ஜெசிந்தாவிடம் கேட்பார்.

"அதான் சொல்லியாச்சுல்ல, சாப்பிடுங்க" என்பாள் அவள்.

திட்டிய இடத்துக்குத் திரும்பிப் போய் ஒரு நல்ல வார்த்தை சொல்ல மட்டும் அவருக்குக் கால் வராது. மறுநாள் யாரிடமாவது ஒரு கூடை திராட்சையைக் கொடுத்தனுப்புவார். வாங்கியவர்கள் புரிந்துகொள்ள வேண்டியதுதான். மருந்துக் கடைக்காரர் வீட்டில் ஒரு வருடம் திராட்சைக்குப் பஞ்சமே இருந்ததில்லை.

அவருக்கு அண்ணன் ஒருவர், பீட்டர்ராஜ். அப்பா கட்டிய வீட்டை நடுவில் சுவர் வைத்து இரண்டாக்கி, அந்தப் பக்கம் அண்ணனும் இந்தப் பக்கம் தம்பியும் இருந்தார்கள். அமல்ராஜ் சின்ன வயதில் கோயிலில் முதல் நற்கருணையாகப் புதுநன்மை வாங்கிய அன்று போட்டிருந்த வெள்ளைச் சட்டை, அண்ணனின் சட்டையை வெட்டித் தைத்தது. திராட்சைப் பந்தலில் கம்பி இழுக்கக் கற்றுக்கொடுத்தது அண்ணன். ஜெசிந்தாவைப் பெண் கேட்கப் போனபோது, "என் தம்பிக்கு வாய் கொஞ்சம் நீளம், மனசு தங்கம்" என்று மாமனாரிடம் உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டு வந்ததும் அவர்தான்.

கொரோனா சமயத்தில் பீட்டர்ராஜின் மகளுக்குக் கல்லூரி வகுப்பெல்லாம் போனில் நடந்தது. அதற்காக அவர் வீட்டுக்கு நெட் இழுத்தார். வைஃபை பெட்டியை நடுச்சுவரில் ஒரு பலகை அடித்து வைத்தார், தம்பி வீட்டுக்கும் போகட்டும் என்று. அந்த வருடம் அமல்ராஜ் பெரிய ஸ்மார்ட் டிவி ஒன்று வாங்கினார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்த கையோடு அண்ணனே வந்து, ரிமோட்டை வாங்கி, திரையில் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி பாஸ்வேர்டை அடித்துக் கொடுத்தார். அவர் பாஸ்வேர்டை யாருக்கும் சொல்ல மாட்டார். யார் கேட்டாலும், "கொண்டா இங்க" என்று போனை வாங்கித் தானே அடித்துக் கொடுப்பார். சொந்த மகளுக்கும் அப்படித்தான்.

"ஏலே, ஒன்னு தெரிஞ்சுக்க" என்றார் அன்றைக்குச் சிரித்துக்கொண்டே. "நீ டிவி போட்டயின்னா என் பொட்டியில மூணாவது லைட்டு துடிக்கும். வேலைவெட்டிய விட்டுட்டுப் பகல்ல போட்டு உக்காந்த, சுவத்துல தட்டுவேன் பாத்துக்க."

அப்படியிருந்த வீட்டில்தான் அது நடந்தது.

திருவிழாச் சப்பரத்தில் வலது பக்க முன்தண்டை அவர்கள் வீட்டு மூத்த ஆண் தூக்குவது வழக்கம். அப்பாவுக்குப் பிறகு பீட்டர்ராஜ் தூக்கினார். பந்தலில் ஏறிக் கம்பி கட்டும்போது விழுந்து வலது தோள் போனபிறகு, அவரால் குடத்தைக்கூடத் தூக்க முடியவில்லை. அடுத்து நான்தான் என்று அமல்ராஜ் நினைத்ததில் தப்பு ஒன்றும் இல்லை. புது வேட்டி வாங்கி, தோளுக்குச் சும்மாடாகத் துண்டும் மடித்து வைத்துக்கொண்டு வந்து நின்றார். பீட்டர்ராஜோ குமுளியிலிருந்து வந்திருந்த புது மருமகனைக் கைபிடித்து அழைத்து வந்து தண்டடியில் நிறுத்திவிட்டார். கல்யாணத்துக்குப் பிறகு வரும் முதல் திருவிழா, மாப்பிள்ளைக்கு ஒரு மரியாதை என்று அவர் நினைத்திருக்கலாம். தம்பியிடம் ஒரு வார்த்தை முன்கூட்டிச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அமல்ராஜ் கத்தினார். "எனக்கு அண்ணனே கெடையாதுன்னு நெனச்சுக்கிறேன்!"

அவர் கெட்ட நேரம், சரியாக அந்த நொடியில் பேண்டுக்காரர்கள் ஒரு பாட்டை முடித்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்கள். கோயில் வாசலில் நின்ற அத்தனை பேர் காதிலும் அது விழுந்தது. பீட்டர்ராஜ் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சப்பரம் நகர்ந்தது.

அதற்கப்புறம் இரண்டு வீட்டு ஆண்களுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. பெண்கள் குழாயடியில் பேசிக்கொள்வார்கள், அதுவும் தலையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு. மறுநாள் அனுப்பிய திராட்சைக் கூடை அப்படியே திரும்பி வந்தது.

கூடை திரும்பி வந்த அன்று சாயங்காலம் அமல்ராஜ் டிவி முன்னால் போய் உட்கார்ந்தார். நெட் இருக்காது என்று அவருக்கு நிச்சயமாகத் தெரியும். அண்ணன் ரோஷக்காரர், பாஸ்வேர்டை மாற்றியிருப்பார். போட்டுப் பார்த்தார். படம் வந்தது. அவர் அடுப்படியைத் திரும்பிப் பார்த்துவிட்டு, துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். ஜெசிந்தா பார்த்தாள். பார்க்காத மாதிரி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

அன்றிலிருந்து தோட்டத்து வேலை முடிந்து வந்ததும் டிவி போடுவது அவருக்கு ஜெபம் சொல்கிற மாதிரி ஆகிவிட்டது. என்ன ஓடுகிறது என்பது முக்கியமில்லை. ஓடுகிறது, அவ்வளவுதான். சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு விளக்கு துடித்துக்கொண்டிருக்கும் என்று அவருக்குத் தெரியும். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் அமல்ராஜ் வீட்டில் வழக்கமாக டிவி போடுவதில்லை, கறி எடுப்பதில்லை. கறியை விட்டவர் டிவியை விடவில்லை. "செய்தி பாக்குறது பாவத்துல சேராது" என்று புதுச் சட்டம் பேசினார். பெரிய வெள்ளிக்கிழமைகூடச் சத்தத்தை அணைத்துவிட்டு வெறும் படம் பார்த்தார். ஜெசிந்தா தலையில் அடித்துக்கொண்டாள்.

வரவர அண்ணன் வீட்டு நெட் மந்தமாகிவிட்டது. படத்தில் ஒரு ஆள் கதவைத் திறந்தால் உள்ளே நுழைவதற்குள் திரையில் வட்டம் சுற்ற ஆரம்பித்துவிடும். அமல்ராஜ் வட்டத்தையும் பொறுமையாகப் பார்ப்பார். ஊரில் யாரிடமும் காட்டாத பொறுமையை அந்த வட்டத்திடம் மட்டும் காட்டினார்.

இந்தச் சமயத்தில்தான் அமல்ராஜின் மகள் ஜெசி பெங்களூரிலிருந்து வந்தாள். கம்ப்யூட்டர் கம்பெனி வேலை, இரண்டு மாதம் வீட்டிலிருந்தே பார்க்கலாம் என்று விட்டிருந்தார்கள். வந்த வேகத்தில் தன் செலவில் புது நெட்டுக்கு எழுதிக் கொடுத்தாள். உத்தமபாளையத்திலிருந்து செல்வின் என்கிற லைன்மேன் வந்து, தெருக்கம்பத்திலிருந்து வயர் இழுத்து, நாலு கொம்பு வைத்த ஒரு கறுப்புப் பெட்டியை ஹாலில் மாட்டினான்.

"ரெண்டு நெட்டுப் பேரு காட்டும்க்கா" என்று ஜெசியிடம் சொன்னான். "அஞ்சுன்னு முடியிறது நல்ல வேகம், ஆனா சுவரத் தாண்டாது. மத்தது கொஞ்சம் மெதுவு, அடுப்படி வரைக்கும் போகும். டிவி இதே ரூம்புலதான இருக்கு, வேகமானதுலயே போட்டுருவமா?"

"டிவி கெடக்கட்டும்" என்றார் அமல்ராஜ்.

"ஒரு நிமிசம்தான் ஐயா."

"கெடக்கட்டும்னு சொன்னேன்ல. அதுக்கு வருதுல்ல நெட்டு? பிள்ளைக்கு மட்டும் குடுத்துட்டுப் போப்பா."

செல்வின் ஜெசியைப் பார்த்தான், ஜெசி அம்மாவைப் பார்த்தாள், அம்மா சுவரைப் பார்த்தாள். செல்வின் காபி குடித்துவிட்டுப் போய்விட்டான்.

அதன் பிறகு அந்த வீட்டில் ஒரு கூத்து நடந்தது. ஹாலின் ஒரு மூலையில் தெருவிலேயே வேகமான நெட். இன்னொரு மூலையில் வட்டம் சுற்றும் டிவி. நடுவில் நாற்காலி போட்டு அமல்ராஜ். "ஏம்மா, இவருக்கு என்னதான் பிரச்சினை?" என்று ஜெசி கேட்டாள். "அவருக்கு அதுதான் பழகிருச்சு" என்று மட்டும் சொன்னாள் ஜெசிந்தா.

மகளுக்கு மனசு கேட்கவில்லை. நாளெல்லாம் வெயிலில் நின்று வருகிற மனிதர், ஒரு படத்தை ஒழுங்காகப் பார்க்கட்டுமே என்று நினைத்தாள். அமல்ராஜ் திராட்சைக்கு மருந்தடிக்கப் போயிருந்த ஒரு நாள் மத்தியானம், டிவியைப் புது நெட்டில் சேர்த்தாள். அணைத்துப் போட்டால் டிவி மறுபடி பழைய நெட்டிலேயே போய் ஒட்டிக்கொண்டது. மறுபடி மாற்றினாள், மறுபடி போனது. கடைசியில் பழைய நெட்டைப் பட்டியலிலிருந்தே அழித்துவிட்டாள்.

அமல்ராஜ் வந்தார், குளித்தார், டிவியைப் போட்டார். படம் பளிச்சென்று வந்தது. ஆள் கதவைத் திறந்தான், உள்ளே போனான், உட்கார்ந்தான், சண்டையும் போட்டான். வட்டம் வரவேயில்லை. ஜெசி பின்னால் நின்று சிரித்துக்கொண்டிருந்தாள்.

"என்னத்தா பண்ணுன?"

"புது நெட்டுல போட்டேன்ப்பா. எப்படிப் போகுது பாருங்க!"

"பழசு?"

"அழிச்சுட்டேன். அது சும்மா சும்மா போய் ஒட்டிக்கிருச்சு."

அவர் கத்துவார் என்றுதான் ஜெசிந்தா அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். அவர் கத்தவில்லை. "பழையபடி போடு" என்றார் சின்னக் குரலில். ஜெசி போட்டுப் பார்த்தாள். அண்ணன் வீட்டுப் பெயர் பட்டியலில் இருந்தது. தொட்டால் பாஸ்வேர்டு கேட்டது. வீட்டில் யாருக்கும் அது தெரியாது. பீட்டர்ராஜ் அன்று அடித்துக் கொடுத்ததோடு சரி.

அமல்ராஜ் டிவியை அணைத்தார். மறுநாளும் போடவில்லை. சோறு வேண்டாம் என்றார், தோட்டத்துக்குப் போகவும் இல்லை. அன்று இரவு ஜெசிந்தா மகளிடம் எல்லாவற்றையும் சொன்னாள், மூணாவது லைட்டு உட்பட.

"இத முன்னாடியே சொல்லிருக்கலாம்லம்மா?" ஜெசிக்கு அழுகை வந்துவிட்டது. "நான் வேணா பெரியப்பாகிட்டப் போய்க் கேக்கவா?"

"வேணாம். அறுத்துக்கிட்டது இவுகதான்னு அந்தப் பக்கம் நெனச்சுருப்பாக. நீ போயி ஆகாது. போனா உங்கப்பா போகணும்."

அமல்ராஜும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தார். கோயில் வாசலில் அத்தனை பேர் முன்னால் வாயால் அறுத்ததை, அண்ணன் இத்தனை நாள் அறுக்காமல் வைத்திருந்தார். இப்போது விளக்கு நின்றிருக்கும். தம்பிக்குப் புது நெட் வந்துவிட்டது, இனி நாம் எதற்கு என்று அவர் நினைத்தால், அந்த நினைப்பை எந்தக் கூடையில் வைத்துத் திருப்பி வாங்குவது?

அடுத்த நாள் சாயங்காலம் சட்டை மாட்டினார். வாசல் வரை போனார், திரும்பி வந்தார். வெறுங்கையோடு போக என்னவோ போல இருந்தது. திராட்சை எடுத்துப் போகலாம் என்றால் அது ஏற்கெனவே ஒருமுறை திரும்பி வந்த திராட்சை. கடைசியில் டிவி ரிமோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினார்.

"என்ன அமலு, ரிமோட்ட எடுத்துக்கிட்டு எங்க?" என்றார் எதிர்வீட்டு வாத்தியார். வேறு நாளாக இருந்தால் வாத்தியார் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பார். அன்று அமல்ராஜ் நடையைக்கூட நிறுத்தவில்லை.

அண்ணன் வீட்டு வாசலில் நின்றார். கதவைத் தட்டலாம், மதினி வந்து திறப்பார். தட்டினால் போதும், முறை சொல்லிக் கூப்பிட வேண்டியதில்லை. அவர் தட்டவில்லை.

"அண்ணே" என்றார். உள்ளே கேட்டிருக்காது என்று தோன்றியது. தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி மறுபடியும், "அண்ணே!" என்றார்.

கதவைத் திறந்தது ரோசம்மாள் மதினி. அவருக்குப் பின்னால், நடுச்சுவரை ஒட்டிப் போட்ட நாற்காலியில் பீட்டர்ராஜ் உட்கார்ந்திருந்தார். முகம் சுவரைப் பார்த்து இருந்தது. சுவரில் அந்தப் பெட்டி. மூன்றாவது விளக்கு துடிக்காமல் சும்மா எரிந்துகொண்டிருந்தது.

"உடம்புக்கு என்னலே?" என்றார் பீட்டர்ராஜ், எழுந்திருக்காமலே.

"ஒண்ணுமில்லண்ணே."

"முந்தாநேத்துலருந்து லைட்டு துடிக்கல. தோட்டத்துக்கும் போகலன்னு இவ சொன்னா. தவக்காலத்துலயே டிவி போடுற பயலாச்சே, என்ன ஆச்சோன்னு..."

"பிள்ள தெரியாம அழிச்சுருச்சுண்ணே. பாஸ்வேர்டு கேக்குது."

ரோசம்மாள் முந்தானையால் மூக்கைத் துடைத்தார். "பிள்ள கல்யாணமாகிக் குமுளிக்குப் போனதுமே இந்த நெட்ட நிப்பாட்டச் சொன்னேன் தம்பி. கேட்டாகளா? உள்ளதுலயே கொறஞ்ச காசுப் பிளானாப் பாத்துப் போட்டு வச்சுருக்காக. இங்கன யாருகிட்ட இருக்கு நெட்டு ஓடுற போனு? இவுக வச்சிருக்கறது பட்டன் போனு. தெனம் பொழுது சாஞ்சா இங்கன உக்காந்துக்கிட்டு இந்த லைட்டப் பாக்குறது. 'வந்துட்டான்'ம்பாக. அப்புறந்தான் சாப்பாடு."

அமல்ராஜ் அந்த வீட்டைச் சுற்றிப் பார்த்தார். பழைய பெட்டி டிவி, அதற்குக் கூரைமேல் டிஷ் குடை. மேசைமேல் பட்டன் போன். நெட் தேவைப்படுகிற ஒரு பொருளும் அங்கே கிடையாது.

"அண்ணே, நான் அன்னைக்குக் கோயில் வாசல்ல..."

"பாஸ்வேர்டச் சொன்னா உனக்கு அடிக்கத் தெரியாது" என்று எழுந்தார் பீட்டர்ராஜ். "கொண்டா. நானே வாரேன்."

ரிமோட்டை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தார். தம்பி வீட்டு ஹாலில், தான் முன்பு வழக்கமாக உட்காருகிற இடத்தில் உட்கார்ந்தார். வலது கை மேலே எழவில்லை. இடது கையால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடினார். ஒன்று தப்பிப் போய், மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தார். யாரும் அவசரப்படுத்தவில்லை.

சேர்ந்தது. படம் வந்தது. ஒரு ஆள் கதவைத் திறந்தான். வட்டம் சுற்ற ஆரம்பித்தது.

"பெரியப்பா, நம்ம புது நெட்டு..." என்று ஜெசி வாயெடுத்தாள். ஜெசிந்தா அவள் காலை மிதித்தாள்.

"புது நெட்டு போட்டிருக்கியாமே?" என்றார் பீட்டர்ராஜ் தம்பியிடம்.

"அது பிள்ளைக்குண்ணே. டிவிக்கு நம்ம நெட்டு போதும்."

"மெதுவாப் போகுதேடா."

"போகட்டும்ணே" என்றார் அமல்ராஜ். "நீங்க உக்காருங்க. ஜெசிந்தா, அண்ணனுக்கும் சேத்துச் சோறு போடு. ரெண்டு நாளா சாப்பிட்டிருக்க மாட்டாக."